கொக்கரசனேந்தல் கிளப் தோற்ற கதை

கொக்கரசனேந்தலில் வாட்டர் போலோ கிளப் ஜெயித்தால் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் ஏறும், தோற்றால் இறங்கும். அருப்புக்கோட்டைக்கும் கமுதிக்கும் நடுவே, சீமைக் கருவேலும் கரிசல் வெடிப்புமாகக் கிடக்கிற அந்தக் காட்டில் தண்ணீர் இருப்பதே பெரிய சங்கதி என்பதால், அது எதனால் ஏறுகிறது, எதற்காக இறங்குகிறது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. கரண்டு போவதையும் பஸ் வராமல் இருப்பதையும் எப்படி ஏற்றுக்கொண்டார்களோ அப்படியே இதையும் ஏற்றுக்கொண்டு, அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார்கள். கடையில் கேட்டார்கள், கோயிலில் கேட்டார்கள், எழவு வீட்டில் கேட்டார்கள், பல் விளக்கிக்கொண்டே கேட்டார்கள். அத்தனை பேரும் கேட்டு உயிரை எடுத்தது ஒருத்தியிடம்தான். அவள் பெயர் முனீஸ்வரி. கிளப்பை ஆரம்பித்தவளும் அவள்தான், அதன் கேப்டனும் அவள்தான்.

அவள் அதை ஆரம்பித்ததே ஓர் எரிச்சலில்தான். மதுரையில் காலேஜ் படிக்கும்போது நீச்சலில் சேர்ந்து, நீச்சலிலிருந்து, தண்ணீரில் மிதந்தபடியே பந்தை எறிந்து கோல் போடுகிற வாட்டர் போலோவுக்குப் போய், பல்கலைக்கழக அணிக்கு ஆடி, இனி ரயில்வேயில் வேலை வந்துவிடும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில் அவளைப் பிடித்துப் போஸுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். போஸ் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். சுற்றுவட்டாரத்துக்கே தண்ணீர் விற்கிற வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்குக் குளிக்க ஒரு குடத்துக்கு மேல் கிடையாது. இரண்டாவது குடத்தில் கைவைத்தால், "விக்கிற சரக்க நாமளே கொட்டித் தீத்தா எப்படி?" என்பான் போஸ். கல்யாணமான முதல் கோடையில் ஒருநாள் அந்தக் குடத்தை நடுமுற்றத்தில் வைத்துவிட்டு, ஊருக்கு மேற்கே கல் எடுத்து முடித்துக் கைவிட்டுப் போன குவாரிக்கு விறுவிறுவென்று நடந்து, உடுத்தியிருந்த சுடிதாரோடு குதித்தாள்.

குவாரித் தண்ணீர் பச்சையாக, ஆழம் தெரியாமல் கிடக்கும். வாயில் வைக்க முடியாத உப்பு, துணி துவைக்க மட்டும்தான் ஆகும். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், யாரோ விழுந்து செத்தாள் என்று கூப்பாடு போட, முனீஸ்வரி நடுத் தண்ணீரில் இடுப்புக்கு மேலே தெரிய, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"காலுக்கடியில பாறை இருக்காத்தா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு ராக்கு.

"ஒண்ணும் இல்ல அத்தை."

"பெறகு எப்படி நிக்கிற?"

"முட்டைய அடிச்சுக் கலக்குற மாதிரி ரெண்டு காலையும் சுத்தணும். சுத்திக்கிட்டே இருந்தா நிக்கலாம்."

அன்றைக்கு இரண்டு பேர் இறங்கினார்கள், அடுத்த நாள் இன்னும் சிலர். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு வந்த பெண்களும், கருவேலம் விறகு வெட்டிவிட்டு வந்த பெண்களும், மைல் கணக்கில் தலையில் குடம் சுமந்து கழுத்து இறுகிப்போன பெண்களும், வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கிறதுக்கு முன்னால் கொஞ்ச நேரம் காலடியில் எதுவும் இல்லாமல் நிற்பது எப்படி என்று பழகிக்கொண்டார்கள். அவர்களில் கிணறு வெட்டுகிற வேதமுத்துவின் மகள் ஜெபக்கனிக்கு, தண்ணீரில் நின்று கையை விரித்தால் இரண்டு ஆள் அகலத்துக்கு மறைக்கிற நீளக் கை. முனீஸ்வரி அவளைக் கோல்கீப்பர் ஆக்கினாள். பிளாஸ்டிக் குழாயை வளைத்து, பழைய மீன் வலையைக் கட்டிக் கோல் செய்தார்கள். பழகிய கல்லூரி வாத்தியாரம்மாவிடம் சொல்லி, மதுரையிலிருந்து ஒரு பெண்கள் அணியைப் பழக்க ஆட்டத்துக்கு வரவழைத்தாள் முனீஸ்வரி. வந்தவர்கள் குவாரியையும் மீன் வலையையும் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டம் முடியும்போது சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ராக்கு தன் கிணற்றில் வாளியை விட்டபோது, கயிறு ஒரு சாண் நீளம் கையிலேயே மிச்சம் இருந்தது.

அடுத்த ஆட்டத்திலும் ஜெயித்தார்கள், கிணறு இன்னும் ஏறியது. மூன்றாவது ஆட்டத்தில் முனீஸ்வரிக்குக் காய்ச்சல், சிவகாசிக்காரர்களிடம் தோற்றார்கள். அன்றைக்கு ராக்கு வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக முனீஸ்வரி வீட்டு வாசலில் வந்து நின்று, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துக் கேட்டாள்: "கடைசி கோலை யாருடி விட்டது?"

காரணம் கண்டுபிடித்தது அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஊரில் நடந்த சண்டையெல்லாம் முதலில் கவனித்தது யார் என்பதைப் பற்றித்தான். தானே என்று ராக்கு சொன்னாள், இல்லை தான்தான் என்று பஞ்சாயத்துத் தலைவர் ராமசுப்பு சொன்னார், இரண்டு பேருக்கும் இன்றுவரை அந்த விஷயத்தில் பேச்சுவார்த்தை இல்லை. சாதா ஆட்டத்துக்கு ஒரு சாண், அரையிறுதிக்கு ஒரு முழம், கோப்பை ஆட்டத்துக்கு ஓர் ஆள்மட்டம் என்று ஊரே கணக்குப் போட்டு வைத்தது. வெளியூரில் ஆட்டம் நடந்தால் பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். போனில் சேதி வருவதற்குள் கிணறு சொல்லிவிடும். நிலத்தடி நீர் ஆராய்ச்சிக்கு வந்த அதிகாரி ஒருவர் ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போய், தண்ணீர் நல்ல தண்ணீர், குடிக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். அதை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தண்ணீர் வந்ததில் முனீஸ்வரிக்கு என்ன வருத்தம்? வருத்தம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். அவளால் தாங்க முடியாமல் போனது ஊர் மொத்தமும் வாட்டர் போலோ கற்றுக்கொண்டதைத்தான். நீச்சல் தெரியாத ஆம்பளைகள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே காலைச் சுழற்றிக்கொண்டு, இடது பக்கம் பாஸ் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். வாழ்நாளில் குவாரிப் பக்கம் எட்டிப் பார்க்காத பூசாரி, சாமிக்குத் தீபாராதனை காட்டிக்கொண்டே, "ஆட்டத்துல மூணாவது கால்வாசியில நீங்க ரொம்ப சோந்து போறீங்கம்மா" என்றார். அவள் தும்மினால் நாலு வீட்டிலிருந்து கஷாயம் வந்தது. அவள் புரோட்டா வாங்கினால், எண்ணெய்ப் பண்டம் மூச்சுக்கு ஆகாது என்று கடைக்காரர் பொட்டலத்தைக் கொடுக்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு சண்டை போட முடியாது. குரல் கொஞ்சம் உயர்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராக்கு, "போஸு, நாளைக்கு ஆட்டம் இருக்குப்பா, அவ மனசக் கெடுக்காத" என்பாள்.

"நான் என்னத்தக் கெடுத்தேன்?" என்பான் போஸ். "அவதான் என் பொழப்பக் கெடுத்துட்டா."

அதுவும் உண்மைதான். கிணறு நிறைந்த ஊரில் லாரித் தண்ணீரை யார் வாங்குவார்கள்? கொஞ்ச நாள் அவன் எதிரணிக்குக் கைதட்டிப் பார்த்தான். ஊர் ஆம்பளைகள் அவனைக் குவாரிக்கரையிலிருந்து பிடித்து இழுத்துவந்து கோயில் மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். கடைசியில் டேங்கைக் கழற்றி விற்றுவிட்டு, லாரியின் மேல் கூண்டு கட்டி, இருக்கை போட்டுக் கிளப்புக்கு வண்டி ஓட்ட ஆரம்பித்தான். எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் அவன்தான் கொண்டுபோய் விட்டான். கைதட்டவும் மாட்டான், திட்டவும் மாட்டான், பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்ப்பான். ஜெயித்துவிட்டு வருகிறவளிடம், "ம், கெளம்பு, டீசல் வெல ஏறிக் கெடக்கு" என்பான். அதற்கு அவளுக்கு வருகிற ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

குச்சி அடுக்கப் போனால் கை மரத்துப்போகிறது, விறகு வெட்டப் போனால் முள் குத்துகிறது, ஆட்டக்காரிகள் இனி எந்த வேலைக்கும் போகக் கூடாது என்று ராமசுப்பு ஊர்க்கூட்டத்தில் அறிவித்தார். வீட்டுக்கு வீடு வரி போட்டு அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படித்தான், எந்தப் பெரிய நகரத்திலும் இல்லாத விதமாக, ஊரே முதலாளியாக இருக்கிற ஒரு தொழில்முறை வாட்டர் போலோ கிளப் உருவானது. மாவட்டக் கோப்பை வந்தது, மாநிலக் கோப்பை வந்தது, பிறகு தேசிய லீக்கில் சேர்ந்து அதன் கோப்பையும் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வைக்க இடம் போதாமல் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் பீப்பாய்க்குப் பின்னால் அடுக்கினார்கள். கல்யாண முகூர்த்தம், காதுகுத்து, பொங்கல் சாட்டு எல்லாம் லீக் அட்டவணை வந்த பிறகுதான் முடிவானது.

முனீஸ்வரி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது ஊர் முதலில் லீக் அட்டவணையை எடுத்துப் பார்த்தது. பிறகு ராக்கு, "நல்ல சேதிதான்... சீசன் முடிஞ்சு உண்டாயிருக்கலாம்" என்றாள். அந்த வருஷம் அவள் இல்லாமல் ஆடிய கிளப் தோற்று, தோற்று, கிணறுகள் சேறு தட்டின. பிள்ளை பார்க்க வந்தவர்கள் தொட்டிலுக்குள் குனிந்து, "பொம்பளப் புள்ளையா, மகராசியா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நிமிர்ந்து முனீஸ்வரியின் தோள்பட்டையைப் பார்த்தார்கள். பச்சை உடம்புக்காரி அவர்கள் பார்வை பொறுக்காமலேயே தண்ணீரில் இறங்கினாள். அவள் இறங்கியதும் மறுபடியும் ஜெயிக்க ஆரம்பித்தார்கள், அதன்பிறகு வருஷக்கணக்கில் தோற்கவே இல்லை.

அங்கேதான் வினை வந்தது. ஜெயித்து ஜெயித்து ஏறிய தண்ணீர், கிணறு நிறைந்தும் நிற்கவில்லை. கிணற்று வாயிலிருந்த துலாக்கல்லைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. சுவரில் ஓதம் ஏறி, காரை பெயர்ந்தது. கக்கூஸ் குழிகள் பொங்கின. பாம்புகள் மேட்டைத் தேடி அடுப்படிக்கு வந்தன. கொளுத்துவதற்குப் பேர் போன வெயிலில் காய்ந்து சிவக்க வேண்டிய குண்டு மிளகாய், செடியிலேயே அழுகி நாறியது. பல தலைமுறையாகத் தண்ணீர் இல்லையே என்று வானத்தைத் திட்டிய ஊர், இப்போது தண்ணீரைத் திட்ட ஆளைத் தேடியது. ஆள் பக்கத்திலேயே இருந்தாள்.

சென்னையில் வங்காளத்து அணியோடு லீக் இறுதி ஆட்டம். அதற்கு முந்தின வாரம் ராமசுப்பு வேட்டியை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி தண்ணீருக்குள் நடந்து முனீஸ்வரி வீட்டுக்கு வந்தார்.

"தாயி, உன்னத் தோக்கச் சொல்லல. ஜெயிக்காம இருந்தாப் போதும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் தலைவரே?"

"டிரா-ன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பைனல்ல டிரா கெடையாது."

"யாரு வச்ச சட்டம் அது? மேலிடத்துல பேசிப் பாப்பமா?"

அவர் போனதும் மேட்டுத்தெருக்காரர்கள் வந்தார்கள். ஈரத்தைப் பார்த்து அவர்கள் முதன்முதலாக நெல் நாற்று விட்டிருந்தார்கள். கட்டாயம் ஜெயித்தாக வேண்டும், பெரிய கோல் கணக்கில் ஜெயித்தால் இன்னும் நல்லது என்றார்கள். அவர்கள் படியிறங்குவதற்குள் ராக்கு வந்தாள். "ரெண்டு கோல்ல தோத்தாப் போதும்த்தா. மூணு வேண்டாம், ரொம்ப எறங்கிரும். நான் சொல்றது வெளங்குதா? ரெண்டு."

முனீஸ்வரி கையிலிருந்த கரண்டியைத் தரையில் எறிந்தாள். "நான் என்ன குழாயா, திருகித் திருகி விடுறதுக்கு? தண்ணி கூடிப்போச்சுன்னா வாய்க்கா வெட்டுங்க அத்தை. கெழக்க கம்மா வறண்டு கெடக்கு, அங்கிட்டுத் திருப்பி விடுங்க. எத்தன தடவ சொல்லிட்டேன்!"

"வாய்க்கா எவன் காட்டு வழியா வெட்டுறது? எவன் எடம் குடுப்பான்?" என்றாள் ராக்கு, பச்சைப் பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு. "நீ தோத்தா ஒருத்தருக்கும் ஒரு சென்டு எடம் போகாதுல்ல?"

முனீஸ்வரி பந்தை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போய்விட்டாள். யார் என்ன சொன்னாலும் ஆடுகிற ஆட்டத்தை ஒழுங்காக ஆடுவது என்று முடிவு செய்திருந்தாள்; அது ஒன்றுதான் ஊர் இன்னும் கைவைக்காமல் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெபக்கனியின் அப்பா வேதமுத்து செத்துப்போனார். அந்த ஊர்க் கிணறுகளில் பாதி அவர் வெட்டியது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்ட ஊறியது. வாளி வைத்து இறைத்தார்கள், மோட்டார் வைத்து இறைத்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லி, பெட்டியை இறக்கி, முதல் பிடி மண் போடுவதற்குள் பெட்டி மேலே வந்துவிட்டது. வேறு ஊர் மண்ணில் வைக்க ஜெபக்கனியின் அம்மா சம்மதிக்கவில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு எடுத்து, வேதமுத்துவை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார்கள். துக்க வீட்டில் பிள்ளை இருக்கட்டும், நான் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று முனீஸ்வரி சொன்னாள். உறவுக்காரர்கள் கேட்கவில்லை. ஜெபக்கனி கட்டாயம் போக வேண்டும் என்றார்கள். எதற்காக என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டியில் வழியெல்லாம் ஜெபக்கனி ஜன்னலில் சாய்ந்து கண்ணைத் திறந்தபடியே வந்தாள்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வங்காளத்துப் பெண் ஒருத்தி வெகு தூரத்திலிருந்து, கோலுக்குப் போகும் என்று அவளே நம்பாத ஒரு பந்தைத் தூக்கிப் போட்டாள். அது ஜெபக்கனியின் கையை ஒட்டி உள்ளே போனது. அடுத்ததும் அப்படியே போனது. அவளுடைய கை, பந்து போன பிறகு எழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று நினைத்தார்கள். முனீஸ்வரி மட்டும் அந்தக் கைகளை அவற்றின் சொந்தக்காரியைவிட நன்றாக அறிந்தவள். முதல் கால்வாசி முடிந்து விசில் அடித்ததும் நேராக நீந்திப்போய்க் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி பண்ற?"

ஜெபக்கனி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "குழியில எறக்குனோம்க்கா. அப்பா மேல வந்துட்டாரு. சித்தப்பா அமுக்குனாரு. மறுபடி வந்துட்டாரு. பெறகு சித்தப்பா பெட்டி மேலயே ஏறி நின்னாருக்கா... அவரையும் சேத்துத் தூக்கிட்டு வந்துட்டாரு." சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது; தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். "எங்கப்பா நாலஞ்சு நாளா ஐஸ்ல கெடக்காரு."

ஊர் மேலிருந்த கோபமெல்லாம் முனீஸ்வரியின் நெஞ்சில் திரண்டு நின்றது. இந்தப் பெண்ணிடம் எப்படி அதைக் காட்டுவது? ராமசுப்புவிடம் கத்தலாம், ராக்குவிடம் கரண்டியை எறியலாம். இவளை என்ன செய்வது?

"சரி," என்றாள் கடைசியில். "விடுறதுன்னா விடு. ஆனா என் மூஞ்சியப் பாத்துட்டு விடு. கை எட்டாத மாதிரி நடிக்காத ஜெபா. ஒன்கூட இத்தன வருசம் ஆடிட்டு, நீ நடிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. முடியலன்னா சொல்லு, வெளிய உக்காரு. ஒருத்தரும் ஒன்னத் தப்பாச் சொல்ல விட மாட்டேன்."

ஜெபக்கனி வெளியே போகவில்லை. அடுத்த கால்வாசியில் ஒரு பந்து வந்தது. அவள் முனீஸ்வரியின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருக்கையில் கை தானாக எழுந்து பந்தைத் தட்டிவிட்டது. அதன்பிறகு வந்ததையெல்லாம் தட்டினாள். அழுதுகொண்டே தட்டினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டினாள், ஒவ்வொன்றைத் தட்டும்போதும் "மன்னிச்சிருங்கப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டு தட்டினாள். முன்னால் முனீஸ்வரியும் மற்றவர்களும் உயிரைக் கொடுத்து ஆடி, ஒன்றொன்றாகத் திருப்பிப் போட்டு, நாலாவது கால்வாசி முடியும்போது கணக்கைச் சரிசமம் ஆக்கினார்கள்.

ஆளுக்கு ஒரு பெனால்டி அடிக்க வேண்டியதாயிற்று. மாறி மாறி அடித்து, வங்காளத்துப் பெண்கள் ஒன்று கூடுதலாக நிற்க, கடைசி அடி முனீஸ்வரிக்கு வந்தது. போட்டால் ஆட்டம் தொடரும், விட்டால் முடிந்தது. எதிரே கோலில் நின்றவள் சின்னப் பெண், கழுத்து நீண்ட கொக்கு மாதிரி உயரம். முனீஸ்வரிக்கு அந்த நேரத்தில் மிளகாயும் தெரியவில்லை, நாற்றும் தெரியவில்லை, ஃப்ரீசர் பெட்டியும் தெரியவில்லை. வலது மேல் மூலை மட்டும் தெரிந்தது. விசில் கேட்டது, காலைச் சுழற்றி இடுப்புக்குமேல் எழும்பி, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் உள்ள அத்தனை வருஷத்தையும் சேர்த்து அடித்தாள். அவள் அடித்த நல்ல அடிகளில் அது ஒன்று. அந்தச் சின்னப் பெண் பக்கவாட்டில் பறந்து, ஒற்றை விரல் நுனியால் அதைத் தொட்டாள். பந்து கம்பியில் பட்டு, திரும்பித் தண்ணீரில் விழுந்தது.

முனீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபக்கனி வேகமாக நீந்திவந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா" என்றாள். எதை என்று கேட்க முனீஸ்வரிக்கு அப்போது தோன்றவில்லை.

கரையேறியதும் போன் அடித்தது. ராமசுப்பு. "தாயி! என்னா நடிப்பு! என்னா நடிப்பு! டிவியில பாத்த ஒருத்தனுக்கும் சந்தேகம் வரல. கோலுக்கு வெளிய அடிச்சிருந்தா அசிங்கமாப் போயிருக்கும். கம்பியில பட்டுத் திரும்புற மாதிரி அடிக்கிறதுன்னா சும்மாவா? இங்க தெருவுல தண்ணி வடியிற சத்தம் கேக்குது பாரு, இந்தா, கேளு." போனுக்குள் ஏதோ சளசளவென்று கேட்டது.

"நான் நெஜமாத்தான் அடிச்சேன் தலைவரே."

"ஆமா, ஆமா. வெளிய அப்படித்தான் சொல்லணும்."

வண்டி ஊருக்குள் நுழையும்போது மேளம் காத்து நின்றது, மாலை காத்து நின்றது. கோப்பை வாங்கிக்கொண்டு வந்தபோதெல்லாம் இல்லாத அளவுக்குக் கூட்டம். கிணறுகள் ஓர் ஆள்மட்டம் இறங்கி, தெருச் சேற்றில் வெயில் பட்டுப் பொருக்குத் தட்டியிருந்தது. ராக்கு சுற்றிப்போட ஆரத்தித் தட்டோடு வந்தாள்.

"நான் வேணும்னு விடல அத்தை. ஜெயிக்கத்தான் அடிச்சேன். அந்தப் பிள்ளை பிடிச்சிருச்சு."

"எனக்குத் தெரியாதாத்தா?" என்று ராக்கு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். "இவ்வளவு அழகா யாரு தோப்பா?"

மேட்டுத்தெருக்காரர்கள் மட்டும் முகம் கொடுக்கவில்லை. கீழத்தெருப் பேச்சைக் கேட்டுத் தங்கள் நாற்றைக் காயப்போட்டவள் என்று மண்ணை வாரித் தூற்றினார்கள். வாழ்த்தியவர்களும் சரி, தூற்றியவர்களும் சரி, வேண்டுமென்றே விட்டாள் என்பதில் ஊர் ஒரே மனதாக இருந்தது. முனீஸ்வரி வாசலுக்கு வாசல் நின்று சொன்னாள், சத்தம் போட்டுச் சொன்னாள், பிள்ளை மேல் சத்தியம் பண்ணிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுடைய தன்னடக்கத்தை மெச்சினார்கள். ஐயோ தோத்துட்டியே என்று ஒரு வாய் சொல்லவில்லை.

சாயந்தரம் வேதமுத்துவைப் புதைத்தார்கள். குழி காய்ந்து, அடியில் மண் உருண்டை உருண்டையாகக் கிடந்தது. பெட்டி இறங்கியது, இறங்கிய இடத்தில் இருந்தது. மண் விழுகிற சத்தம் கேட்டதும் ஜெபக்கனியின் அம்மா தரையில் உட்கார்ந்து, பல நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். ஜெபக்கனி திரும்பிக் கூட்டத்துக்குள் தேடி, முனீஸ்வரியின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாதியிலயே மனசு மாறி அப்பாவ விட்டுட்டேன்க்கா. பந்தப் பாத்ததும் அவரையே மறந்துட்டேன். நீங்க மறக்கல." அவள் கண்கள் முனீஸ்வரியின் முகத்தை விடவில்லை. "எங்கப்பாவுக்காகத்தான விட்டீங்க?"

காலையிலிருந்து ஊர் முழுக்க இல்லை, இல்லை என்று கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தவள், அந்த முகத்தைப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள்.

சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் தோட்டத்துக்கு வெளியே வந்தாள். சாலையோரம் வண்டியில் போஸ், ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இனி ஊரில் தண்ணீர் குறையும், பழையபடி லாரி ஓடும் என்று நாலு பேர் காலையிலேயே அவனைக் கேலி பேசியிருந்தார்கள். முனீஸ்வரி ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"என்ன பாக்குறீங்க? நீங்களும் ஒரு மாலை வாங்கியாந்து போடுங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

"எதுக்கு?" என்றான் போஸ். "நல்ல அடிதான் முனி. அந்தப் பிள்ளைக்குக் கை நீளம், எகிறிருச்சு. எந்த மூலையில அடிச்சிருந்தாலும் பிடிச்சிருக்கும்." பற்றவைக்காத பீடியை வாயிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டான். "தோத்துட்டோம். என்ன செய்ய."

முனீஸ்வரிக்கு முதலில் உதடு கோணியது. அடக்கப் பார்த்தாள். பிறகு முன்னால் இருந்த தகரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, கோப்பை ஆட்டத்தில் கடைசிப் பந்தைத் தவறவிட்டவள் எப்படி அழுவாளோ அப்படி, தோள் குலுங்க, வாய்விட்டு அழுதாள். போஸ் அவள் முதுகில் கைவைக்கப் போய், வைக்காமல், சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான்.

தோட்டத்துக்குள்ளிருந்து ராக்கு சந்தோஷமாகக் கையாட்டிக்கொண்டு வண்டியை நோக்கி வந்தாள். போஸ் ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"கிட்ட வராதீங்க அத்தை. அவ பைனல்ல தோத்துருக்கா."